சுஜிந்தன் வெற்றிக் கிண்ணம்

டென்மார்க்கில் தமிழர் உதைபந்தாட்டத்துக்கு ஒரு சம்மேளனம் உண்டு. அதன் தலைவர் குருசுமுத்து. மைக்கைக் கண்டால் நிமிர்வார், காசுக்காரனைக் கண்டால் வளைவார்.

ஓல்போர்க்கிலிருந்து சுஜிந்தன் என்பவன் வந்து சம்மேளனத்துக்கு உதவ விரும்புவதாகச் சொன்னபோது அவர் நன்றாகவே வளைந்தார். வெளிநாட்டுக் கும்பலொன்றின் கொக்கெயினை ஓல்போர்க்கில் பிரித்து விற்கிறவன் அவன் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. "இறக்குமதி செய்யிற கெட்டிக்காரப் பிள்ளை" என்றார் குருசுமுத்து. ஒரே வருடத்தில் கிண்ணத்துக்கு அவன் பெயர் வந்தது. மைதானத்தைச் சுற்றி அவன் முகம் தொங்கியது. அவனுக்கென்று ஒரு அணியும் முளைத்தது. அது தோற்பதேயில்லை. தோற்கடிக்கக்கூடியவர்களுக்கு முதல்நாளே தொலைபேசி போய்விடும்.

ஒடென்சே அணியின் கோல் காப்பாளன் நிதுஷனுக்கும் போனது. அவன் எடுக்கவில்லை.

ஆவணியில் விபோர்க்கில் இறுதிப் போட்டி. நடுவர் அஜந்தினி. டேனிஷ் லீக்கில் விசில் ஊதிப் பழகியவள். இரண்டாம் பாதியில் நிதுஷன் பாய்ந்து பந்தைப் பிடித்தான். பந்து கையில் வந்த பிறகு சுஜிந்தன் அணிக்காரன் ஒருவன் முழங்கையால் அவன் தாடையில் இடித்தான். எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. சிவப்பு அட்டையை நீட்டினாள்.

குருசுமுத்து மூச்சிரைக்க மைதானத்துக்குள் ஓடி வந்தார். கீழே கிடந்தவனை அவர் பார்க்கவேயில்லை.

"பிள்ளை, அதைத் திருப்பி எடு. மஞ்சள் காட்டினால் காணும்."

"அண்ணை, அவன்ர வாயால ரத்தம் போகுது."

"போகட்டும், விளையாட்டெண்டால் அப்பிடித்தான். அங்க ஆர் இருக்கினம் எண்டு பார்."

சுஜிந்தன் பந்தலுக்குள் கால்மேல் கால் போட்டு இருந்தான். அவன் எழும்பவேண்டிய தேவையே வரவில்லை.

"பாத்தனான்," என்றாள் அஜந்தினி. "மேட்ச் முடிஞ்சுது." மூன்று முறை விசில் ஊதிவிட்டு, நிதுஷனைக் கைத்தாங்கலாகத் தன் காருக்குக் கொண்டுபோனாள். அவர்களுக்குப் பின்னால் சம்மேளனத்துக்காரர் ஒருவர் வேறொரு விசிலை எடுத்து ஆட்டத்தைத் தொடக்கிவிட்டார். சுஜிந்தன் அணி வென்றது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சுஜிந்தன் பேசினான்: "இளையோரை விளையாட்டுத்தான் போதையிலிருந்து காப்பாற்றும்." எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிதுஷனின் கைபேசி அடித்தது. அஜந்தினி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"தம்பி, கோல் கம்பத்தில அடிபட்டதெண்டு சொல்லு," என்றார் குருசுமுத்து. "உனக்கு ஒரு குறையும் வராமல் பாப்பம்."

வீங்கிய வாயைத் திறந்து நிதுஷன் டேனிஷில் "நை", முடியாது, என்றான். அந்த ஒரு சொல்லுக்கே அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அவன் பொலிசில் முறைப்பாடு செய்தான். அவள் சாட்சி சொன்னாள். பிறகு அவள் வீட்டுக்குக் கொண்டாட்ட அழைப்புகள் வரவில்லை. "தமிழனைக் காட்டிக்குடுத்தவள்" என்று கடையில் அவள் காதுபடவே சொன்னார்கள். அவளுக்கு அது வலித்தது. ஆனாலும் அந்த வாய்களிடமிருந்து நல்ல பெயர் வாங்க அவள் ஆசைப்படவில்லை.

மாசியில் சுஜிந்தன் சரக்கோடு பிடிபட்டான். மறுநாளே சம்மேளனம் அறிக்கை விட்டது: அந்த நபருக்கும் தமக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லையாம். அந்த வார இறுதியில் குருசுமுத்து ஒரு பொன்னாடையோடு அஜந்தினியின் வாசலில் நின்றார்.

"உன்ர துணிவை நாங்கள் மதிக்கிறம், பிள்ளை. மேடையில வைச்சுப் போத்தப்போறம்."

"நிதுஷனுக்குத் தாடையில தகடு வைச்சிருக்கினம். போய்ப் பாத்தனீங்களோ?"

"நேரம் கிடைக்கேல்லை…"

"சுஜிந்தன் உள்ளுக்குப் போயிட்டான். இன்னும் ஆருக்குப் பயந்து என்னட்டை வந்தனீங்கள்?"

அவர் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டார் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தபடி காருக்குப் போனார்.

ஒடென்சே அணி சம்மேளனத்தை விட்டு விலகி, டேனிஷ் லீக்கின் கடைசிப் பிரிவில் சேர்ந்தது. முதல் ஆட்டத்தில் நிதுஷன் நாலு கோல் விட்டான். கோபத்தில் கையுறையைக் கழற்றி எறிந்தான்.

"நாலாவதை நீ பிடிச்சிருக்கோணும்," என்றாள், பார்க்க வந்திருந்த அஜந்தினி.

"ஓம்," என்றான் அவன். "வெயில் கண்ணுக்குள்ள அடிச்சுது."