துடைத்துவிட்ட அம்மைப்பால்

ராஜமதிக்கு யார்மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. பால்காரி, தையற்காரன், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் உட்கார்ந்திருக்கும் தன் புருஷன் குணபாலன், எல்லாருமே அவளுக்குச் சந்தேகக் கேஸ்தான். அறுபத்து மூன்றாம் வருஷம் தொண்டூர்ப் பக்கம் பெரியம்மை என்று பேச்சு வந்து, செஞ்சியில் அம்மை குத்துகிற கலியபெருமாள் பெட்டியோடு அவள் வாசலில் வந்து நின்றார். மனுஷனுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை.

"கன்னுக்குட்டி ஒடம்புலேர்ந்து எடுத்ததுதானே இந்த அம்மைப்பால்?" என்றாள், இரண்டு வயது அனந்தமதியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு.

"ஆமாம்மா."

"உசிரு இருக்குதா இதுல?"

கலியபெருமாள் தலையைச் சொறிந்தார். "வெளியில இருக்கறப்ப சும்மா தூசுதாம்மா. நம்ம ஒடம்பு கண்ணுக்குத் தெரியாத அறை அறையா இருக்குது, செல்லுன்னு சொல்வாங்க. அதுல ஒன்னுல பூந்துட்டா போதும். வீட்டுக்குள்ள பூந்தவன், நம்ம அடுப்புல நம்ம அரிசியப் போட்டு, அவன் ஆளுங்களுக்கு நம்மளயே ஆக்க வெச்ச கதைதான். அந்த அறையே இத மாதிரி நூறு நூறா செஞ்சு தள்ளிட்டு ஒடைஞ்சிடும். அதுங்க பக்கத்து அறைக்குப் போயிடும்."

"அப்புறம்?"

"ஒடம்பு முழிச்சிக்கிட்டு எல்லாத்தையும் கொன்னுடும். அதுக்கப்புறம் பெரியம்மை அண்டாது."

கொன்னுடுமாமே! விளக்கில் பூச்சி விழுமென்று பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடாத ஜைனக் குடும்பம். பச்சைப்பிள்ளையின் உடம்பையே கொலைக்களமாக்கப் பார்க்கிறாரே இந்த ஆள், இன்னும் எதை மறைக்கிறாரோ என்று அவளுக்கு எரிந்தது. ஆனால் குணபாலன் முன்பே சம்மதம் சொல்லித் தொலைத்திருந்தான். கலியபெருமாள் குழந்தையின் கையில் ஒரு சொட்டு விட்டு, முள் வைத்த சின்ன வட்டுக் கருவியை அதன்மேல் அழுத்தித் திருகினார். காயும்வரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும், தண்ணீர் வடிகட்டும் துணியை நனைத்து அழுந்தத் துடைத்தாள். வடிகட்டிய துணியைக் கிணற்றுக்குள்ளேயே அலசி, உயிர்களை வந்த இடத்துக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். இவை வந்தது கன்றிடமிருந்து. ஆகவே தொழுவத்துக்குப் போய்க் கன்றின் முதுகில் துணியைப் பிழிந்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து வந்த கலியபெருமாள் குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொப்புளம் எழும்பலையே. தொடச்சீங்களா?"

"நான் எதுக்குத் தொடைக்கறேன்? ஒங்க மருந்து கெட்டுப்போயிருக்கும்."

அவர் நம்பவில்லை. மறுபடி குத்தலாம் என்றார். பிள்ளைக்குச் சளி என்று சொல்லி அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளே எதிர்வீட்டுச் செல்லப்பன் மகனுக்குப் பெரியம்மை என்று தெரிந்தது. முந்தின நாள்தான் அனந்தமதி அவனோடு ஒரே பாயில் விளையாடியிருந்தாள்.

ராஜமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். "நான்தான் தொடச்சேன். பொய் சொன்னேன். குத்துங்க," என்றாள்.

கலியபெருமாள் திட்டவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. "இது முந்துதா, பெரியம்மை முந்துதான்னு பாக்கணும்மா. எழும்பிடுச்சின்னா தப்பிக்க வழி இருக்குது," என்றார், மறுபடி குத்தி முடித்து.

அதற்குப்பின் அவள் அந்தக் கையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. குணபாலன் பிள்ளையைத் தொட வந்தால் அழித்துவிடுவானோ என்று அவன்மேலும் சந்தேகம். ஜபமாலையோடு உட்கார்ந்தால் மந்திரம் வரவில்லை. "பெருகு. எம்பொண்ணு ஒடம்புல எத்தினி அறை வேணுமோ எடுத்துக்கோ. பெருகிட்டு செத்துப்போ. பாவம் எனக்கு வரட்டும்," என்றுதான் வாய் முணுமுணுத்தது.

ஒரு காலையில் குத்திய இடம் சிவந்து, நீர் கோத்து, கொப்புளமாக எழும்பியிருந்தது. வலிக்கிறதென்று பிள்ளை அழுதாள். ராஜமதி அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, அந்தக் கொப்புளத்துக்குள் சாகப்போகிற எல்லாவற்றுக்காகவும் தரையில் உட்கார்ந்து அழுதாள்.