வெறும் தூண்

அப்பா இந்த ஊருக்கு வந்தது இரண்டு கோடுகளைப் பார்க்க. கோபுரம், அரண்மனை, குளம் எல்லாம் வழியில் இருந்ததால் பார்த்தார்.

கல்யாணமான புதிதில் அவரும் அம்மாவும் இங்கே வந்திருக்கிறார்கள். யார் உயரம் என்று அப்போதே இருவருக்கும் வழக்கு. கோயில் மண்டபம் ஒன்றில் தூணோடு முதுகை ஒட்டி மாறி மாறி நின்றிருக்கிறார்கள். அம்மா கண்மையை விரலில் தொட்டு அப்பாவின் தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்தாள். அவள் தலைக்கு அப்பா ஒன்று இழுத்தார். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் சண்டை, கடைசி வரைக்கும். அப்பா நாலு விரல் என்பார். அம்மா தலையைக்கூடத் திருப்பாமல், "ஒரு விரல். அதுவும் உங்க முடியைச் சேர்த்து" என்பாள்.

அம்மா போன வருடம் இறந்துவிட்டாள். கல்யாணப் படத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மற்ற படங்களில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறாள், அல்லது அடுப்பிடம் குனிந்திருக்கிறாள். அப்பாவுக்குப் பக்கத்தில் நேராக நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. இதை அப்பா எப்போது கவனித்தார் என்று தெரியாது. ஒரு நாள் போன் செய்து, "அந்தத் தூணுகிட்ட ஒரு தடவை நிக்கணும் பாப்பா" என்றார்.

நான் அந்தக் கோயிலில்தான் வேலை செய்கிறேன். வேதியியல் படித்தவள். பழைய கல்லில் ஏறிய புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுப்பது எங்கள் குழுவின் வேலை. வேலை கிடைத்ததும் அம்மா பக்கத்து வீடு வரை கேட்கும்படி சொன்னாள்: "வீட்டுல ஒரு தட்டு கழுவமாட்டா. ஊர்ல போய்த் தூண் கழுவப் போறாளாம்."

கோடுகளை நான் மறக்கவில்லை. குளத்தங்கரை மண்டபம் என்று அம்மா எப்போதும் சொல்வாள். சேர்ந்த வாரமே அங்கே தேடினேன். தூண்கள் அவ்வளவு கறுத்திருந்தன, எதுவும் பிரிந்து தெரியவில்லை. கரிக்கு அடியில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மண்டபத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று பொறியாளரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் தைரியம் தேவைப்பட்டது. காரணம் கேட்டார். அங்கே ஈரம் அதிகம் என்றேன். நல்லவேளை, வேறு எதுவும் கேட்கவில்லை.

அதனால் அப்பா வந்த அன்று நான் நிம்மதியாகவே இருந்தேன். காலையில் அரண்மனை. ராஜா இத்தனை தூரம் நடந்தா சாப்பிடப் போவார் என்று அப்பா கேட்டார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்றார். நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர், ஊரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தே பழகியவர். வழிகாட்டி ஒருவர் பேச்சுக் கொடுத்தபோது, பொண்ணு இங்கதான் வேலை செய்யுது, எனக்கே ஆள் இருக்கு என்று அனுப்பிவிட்டார்.

குளத்தங்கரைக்குக் கூட்டிப் போனேன். கறுத்த மண்டபத்தைக் காட்டினேன். அப்பா உள்ளே நுழையவே இல்லை.

"இது இல்லயே" என்றார்.

"அம்மா குளத்தங்கரைன்னுதானே சொல்லுவாங்க?"

"குளம் தெரியும்னு சொல்லுவா. அது அங்க."

அவர் வடக்கே கை காட்டினார். அங்கே டிக்கெட் கொடுக்கும் கட்டடத்தின் நீளமான பின்சுவர்தான் தெரிந்தது. அப்போது அந்தச் சுவர் கிடையாது, மண்டபத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் தெரியும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். உங்க அம்மாவுக்குத் திசை தெரியாது, ஆனா இதுல தப்புப் பண்ணமாட்டா என்றும் சொன்னார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது வடக்கு மண்டபம். போன மாதம் நாங்கள் சுத்தம் செய்து முடித்தது.

சொல்லியிருக்கலாம். சுவரைச் சுற்றிப் போனோம். வெறும் காலுக்குக் கல் சுட்டது. அப்பா எனக்கு முன்னால் வேகமாகப் போனார்.

மண்டபம் வெளுத்து, நேற்றுச் செதுக்கியதுபோல நின்றது. அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் நீயா?"

தலையாட்டினேன். நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்திடம் போய், எம் பொண்ணு வேலை, முன்னாடி நீங்க பாத்திருக்கணும், அடுப்புக்கரி மாதிரி இருக்கும் என்றார். அவர்கள் எழுந்து நின்று தூண்களைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறகு வரிசையில் போய், மூலையில் சிற்பம் எதுவும் இல்லாத ஒரு தூணின் முன் நின்றார். அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கையால் தடவினார். இன்னொரு முறை சுற்றினார்.

"இதுதான். சிலை மேல கிறுக்கக் கூடாதுன்னு அவதான் வெறும் தூணாத் தேடினா."

சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுத்து வைப்போம். ஆனால் சிற்பம் உள்ள தூண்களை மட்டும்தான். அவரிடம் இதைச் சொல்லவில்லை.

"அப்பா, இதையும் பண்ணிட்டோம்" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். எப்படி எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். காகிதக் கூழை மருந்தோடு பிசைந்து கல்லின்மேல் அப்புவோம், காயும்போது உள்ளே இருக்கும் எண்ணெயையும் கரியையும் அது இழுத்துக்கொள்ளும், பாளமாக உரித்துவிடுவோம் என்றேன். பரீட்சையில் ஒப்பிப்பதுபோல இருந்தது என் குரல். பேசிக்கொண்டே நினைவில் தேடினேன். பிசுக்கு, கைத்தடங்கள், கரி. கோடு எதுவும் நினைவில் இல்லை. இந்தத் தூணுக்கு நான் அப்பினேனா, கூட வேலை செய்யும் அக்கா அப்பினாளா என்பதுகூட.

"அப்ப கோடு அந்தக் கூழுக்குள்ள வந்திருக்கும்."

"ம்."

"அது எங்க?"

"குப்பைல போட்டுடுவோம்பா."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து நின்ற குடும்பம் மெல்ல வெளியே போனது.

அவர் தூணில் முதுகை ஒட்டி நின்றார். உள்ளங்கையைத் தலைக்கு மேல் கல்லில் வைத்து, அதை எடுக்காமலே திரும்பினார். தூணைத் தொடாதீர்கள் என்ற பலகை பக்கத்திலேயே இருந்தது. எழுதி வைத்தது நான்தான்.

"இது நான்" என்றார். பிறகு, "அப்ப இன்னும் கொஞ்சம் மேல இருந்திருப்பேன். இப்பக் குனிஞ்சுட்டேனே" என்று கையைச் சற்று உயர்த்தினார்.

இன்னொரு கை அதற்குக் கீழே அம்மாவைத் தேடியது. நாலு விரல் கீழே வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு மேலே நகர்த்தினார். மறுபடி கீழே. கல்லில் அந்தக் கை எங்கே நிற்பது என்று தெரியாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு ஞாபகம் இருக்கா பாப்பா? உன் தோளுக்கு வருவாளா, காதுக்கா?"

அம்மா பக்கத்தில் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். ஒரு முறையும் பார்த்ததில்லை.

"தெரியலப்பா."

அவர் கீழ்க் கையை மெதுவாக மேலே கொண்டுவந்தார். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு விரல் அளவு மட்டும் விட்டு நிறுத்தினார்.

"அவ சொன்னதே இருக்கட்டும்" என்றார்.