பச்சையா, சிவப்பா

தாராகான் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏத்திக்கிட்டுப் போற வண்டி அது. அறுபது வேகன். ஓட்டுறது ஹஸ்பி. பக்கத்து சீட்ல உதவி டிரைவர் யோங்கி, மடியில பெம்பெக் மீன் பலகாரப் பொட்டலம்.

சிக்னல் கண்ணுல பட்டதும் டிரைவர் கையை நீட்டி நிறத்தைச் சொல்லணும், உதவி டிரைவர் அதைத் திருப்பிச் சொல்லணும். இருபத்திரண்டு வருஷமா ஹஸ்பிதான் முந்தி. மூணு வாரமா அது மாறிப்போச்சு. யோங்கி சொன்ன பிறகுதான் ஹஸ்பியோட கை நீளுது.

வெயில் ஏறினா ஹஸ்பிக்குக் கண்ணுல பால் ஊத்தினாப்ல இருக்கு. வெளிய சொன்னா இஞ்சினை விட்டு இறக்கிருவாங்க. இந்த வேலையில தூக்கம் போச்சு, ரெண்டு பெருநாள் தண்டவாளத்துலயே போச்சு. ஆனா குடியிருக்கிற வீடு, மகளோட நர்சிங் படிப்பு எல்லாம் இதுல வந்ததுதான். மூவாயிரம் டன் கரி தன் ஒரு கைக்கு அடங்கி வருதே, அந்த சுகத்தை வீட்ல சொன்னா யாருக்கும் புரியாது.

"ஒரு துண்டு தின்னுங்கண்ணே."

"ஓட்டுறப்ப ஊட்டிவிட நீ என்ன எம் பொண்டாட்டியா?"

"நானா இருந்தா எப்பவோ ஓடிப்போயிருப்பேன். மாசத்துல பத்து நாள்தான வீட்ல இருக்கீங்க."

ரப்பர் தோட்டத்து வளைவு முடிஞ்சுது. அடுத்த சிக்னல் இங்கதான் வரணும். ஹஸ்பி காதைத் தீட்டிக்கிட்டுக் காத்திருந்தான். யோங்கி வாயைத் திறக்கல. திரும்பிப் பார்த்தா, அவன் வெளிய பாக்கவே இல்ல. ஹஸ்பியோட மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தான்.

"சொல்லுங்கண்ணே. என்ன நிறம்?"

முன்னாடி வெள்ளையா ஒரு திட்டு, அவ்வளவுதான். சிக்னலைத் தாண்டினா ரயில்வே கேட்டு. பள்ளிக்கூடம் விடுற நேரம். காலையிலேர்ந்து எல்லாமே பச்சைதான், பச்சைன்னே சொல்லிரலாம். உதடு சேந்துச்சு. கை எழும்பல.

பிரேக்கைப் போட்டான். அறுபது வேகனும் ஒண்ணோட ஒண்ணு மோதின அதிர்வு முதுகுல ஏறுச்சு. ரொம்ப தூரம் இழுத்துக்கிட்டுப் போய் சிக்னலுக்கு முன்னால வண்டி நின்னுச்சு.

யோங்கி இப்பத்தான் கையை நீட்டினான். "பச்சை."

"பச்சையா..."

"மூணு வாரமா நான் சொன்னதத்தான் நீங்க சொல்றீங்க. நான் ஒருதரம் தப்பாச் சொல்லியிருந்தா? எனக்குக் கைக்குழந்தை இருக்குண்ணே."

ரேடியோவுல கன்ட்ரோல் ரூம் கூப்பிட்டுச்சு. "பச்சை குடுத்தும் ஏன் நிக்கிறீங்க?"

யோங்கி மைக்கைப் பொத்திக்கிட்டுக் கேட்டான். "பிரேக்ல கோளாறுன்னு சொல்லிரட்டா?"

ஹஸ்பி மைக்கை வாங்கினான். "டிரைவருக்குக் கண்ணு தெரியல. வேற ஆள அனுப்புங்க."

அப்புறம் ஹஸ்பி பொட்டலத்துப் பக்கம் கையை நீட்டினான்.

"குடுறா அந்தத் துண்டை. இப்பத்தான் ஓட்டலியே."