பதினோராவது பொருத்தம்

குணலட்சுமிக்கு இருபத்தொன்பது வயதில்தான் மருதனார்மடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பத்துப் பொருத்தமும் சரி என்று சாத்திரியார் சொல்லியும் மாப்பிள்ளையின் தாய் நல்லம்மா அடங்கவில்லை. அது எண்பத்து நாலாம் ஆண்டு. குடிப்பழக்கம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறதா என்று இரத்தத்தில் குறிகளைத் தேடிக்கொண்டு கொழும்பு டொக்டர் ஒருவர் பெண்ணின் ஊரான நீர்வேலிக்கு வந்திருந்தார். குடிகாரர் உள்ள குடும்பமும் இல்லாத குடும்பமும் அவருக்கு வேண்டும். அவரிடம் குடும்பத்தோடு இரத்தம் கொடுங்கள், முடிவு தெரிந்த பிறகு நாள் வைக்கலாம் என்று நல்லம்மா சொல்லியனுப்பினாள்.

பெண்ணின் தாய் சிவக்கொழுந்துக்கு மறைக்க ஒன்று இருந்தது. புருசன் நமசிவாயம் பின்னேரமானால் கள்ளுத் தவறணையில்தான் இருப்பார். வாய்வுக்கு அரிட்டம் எடுக்கிறார் என்று முப்பது வருசமாக அவள் சொல்லிவந்தாள். ஊரும் நம்பியதுபோலவே நடந்துகொண்டது. இப்போது மட்டும் விடுவாளா? தேத்தண்ணிகூடக் குடிக்காத பக்கத்து வீட்டுச் சீவரத்தினத்தைக் கெஞ்சி, நமசிவாயம் என்ற பெயரில் டொக்டருக்கு முன்னால் கையை நீட்ட வைத்தாள். தாய், மகள், "தகப்பன்" மூவரின் இரத்தமும் ஐஸ் பெட்டியில் ரயிலேறிப் போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம் டொக்டர் வந்தார். நல்லம்மாவும் அங்கே இருந்தாள். டொக்டர் சிவக்கொழுந்தைத் தனியே கூப்பிட்டார்.

"என்ன ஒளிப்பு? நாங்கள் ஒரு குடும்பம்தானே," என்று நல்லம்மா கதிரையைக் கிட்ட இழுத்தாள்.

கொடுத்தது குடிக்காதவரின் இரத்தம் அல்லவா, சிவக்கொழுந்துக்குப் பெருமை தாங்கவில்லை. "சும்மா சொல்லுங்கோ டொக்டர்."

பிள்ளை தத்தெடுத்ததோ என்று டொக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை, பெற்ற பிள்ளை என்றாள். அப்படியென்றால் அன்று இரத்தம் தந்தவர் இந்தப் பிள்ளைக்குத் தகப்பனாக இருக்க வழியில்லை என்றார் அவர்.

நல்லம்மா எழும்பிவிட்டாள். "குடியெண்டாலும் பொறுத்திருப்பன். இது வேறை கதை."

அறைக்குள் குணலட்சுமி விம்முவது கேட்டது. சிவக்கொழுந்து ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு, ஆட்கள் வந்தால் புருசனை ஒளித்துவைக்கும் வாழைத்தோட்டப் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, வாங்கோ. இந்த அக்காவுக்கு முன்னாலை ஒருக்கா வாயை ஊதிக் காட்டுங்கோ."

இத்தனை மரியாதையாக அவரை யாரும் அழைத்து எவ்வளவோ காலம். நமசிவாயம் ஆடியாடி வந்து, குறைவைக்காமல் ஊதினார். யாருடைய இரத்தம் ரயிலேறியது என்பதைச் சிவக்கொழுந்து தலை குனிந்தபடி சொல்லி முடித்தாள். நல்லம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓம், பெட்டைக்கு உவற்றை நெத்திதான்," என்று மறுபடியும் கதிரையில் இருந்தாள். "வாற ஆவணியிலை நாள் வைப்பம்."

டொக்டர் மட்டும் ஊசியோடு நமசிவாயத்தை நெருங்கினார். நமசிவாயமோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கேன் டொக்டர்? எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் குடிக்கிறேல்லை."