மாப்பிள்ளைக்கு மட்டும் இல்லாத வாத்து

ஒரு வாத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், லிஃப்ட் பழுது பார்ப்பவர் மட்டும் கூடாது. இதை எழுத்திலேயே கொடுத்திருந்தார் அவர் மனைவியின் அண்ணன், பல் டாக்டர்.

வாத்து இருந்தது கம்ப்யூட்டர் விளையாட்டில். ஒரு பால்காரர் வீடு வீடாகப் பால் போட வேண்டும். வாத்து துரத்திக் கொத்தும். அவ்வளவுதான் விளையாட்டு. லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் உட்கார்ந்து எழுதியது. எழுதியதைப் பூட்டி வைக்காமல், யாரும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று பொதுவில் போட்டுவிட்டார். அதிலிருந்து முகம் தெரியாதவர்களெல்லாம் பால்காரருக்குத் தொப்பி, தெருவுக்கு மழை என்று வரைந்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அனுப்புகிறவர் ஒவ்வொருவரும், தன் படத்தை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பக்கத்திலேயே ஓர் உரிமம் எழுதி வைக்க வேண்டும். அது இந்த உலகத்து முறை.

வாத்து மட்டும் வீட்டிலேயே பிறந்தது. டாக்டர் அப்போதுதான் கிளினிக் திறந்திருந்தார். தெருவில் யாராவது கொட்டாவி விட்டால் எட்டிப் பார்த்து ஏங்குகிற நிலைமை. மத்தியானமே கிளினிக்கைப் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு கம்ப்யூட்டர். அந்தக் காலத்து மானிட்டர். அதைத் தூக்கி மேஜையில் வைத்தபோது அறையின் அந்த மூலை லேசாக இறங்கிவிட்டது. பிறகு அந்த வீட்டில் எது கைதவறி விழுந்தாலும் உருண்டு அந்த மூலைக்குத்தான் போகும். மழைக்காலத்தில் மானிட்டரின் முதுகில் லிஃப்ட்காரரின் மனைவி ஈரத்துணி காயப்போடுவாள். இந்தச் சூட்டில் உட்கார்ந்து, பல்லைக் குடைகிற பொறுமையோடு, ஒவ்வொரு புள்ளியாக வைத்து டாக்டர் வாத்தை வரைந்தார். வரைந்து முடித்த அன்று, ஜன்னலில் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுப் பூனை வீடு மாறிப் போய்விட்டது.

வம்பு கழுத்தில் வந்தது. நல்ல நீளக் கழுத்து. விளையாட்டில் வீட்டு வாசலைத் தாண்டும்போது மேல் சட்டத்தில் இடித்தது. கதவில் எதுவும் சிக்காமல் பார்ப்பதுதான் லிஃப்ட்காரருக்குத் தொழிலே. டாக்டர் டீ குடிக்க எழுந்து போன நேரம் பார்த்து, கழுத்தில் இரண்டு புள்ளியைக் குறைத்துவிட்டார்.

டாக்டர் திரும்பி வந்து, திரையருகே குனிந்தார். "மாப்ளே, வாத்துக்கு என்ன ஆச்சு? குளிருதா?"

"கதவுல இடிச்சுது மச்சான். ரெண்டே புள்ளிதான்."

"ரெண்டே பல்லுதான்னு உன் வாயில கை வைக்கிறேன், சும்மா இருப்பியா?"

டாக்டர் கழுத்தைப் பழையபடி நீட்டினார். நீட்டிவிட்டுப் பக்கத்தில் உரிமத்தைத் தட்டினார்: 'இந்த வாத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், சும்மாவும் கொடுக்கலாம். என் தங்கையின் வீட்டுக்காரர் மட்டும் பயன்படுத்தக் கூடாது.'

வேறு ஆளாக இருந்தால் சிரித்துவிட்டு அழித்திருப்பான். லிஃப்ட்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. லிஃப்டில் ஆறு பேர் என்று எழுதியிருந்ததால், ஏழாவதாக ஏறிய சொந்த மாமனாரை இறக்கிவிட்டுப் படிக்கட்டைக் காட்டியவர். அவர் வாசலின் சட்டத்தை இரண்டு புள்ளி உயர்த்தினார். டாக்டருக்கு இன்னொரு டீ கொடுத்தார். அன்றிலிருந்து விளையாட்டின் புதுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் எல்லா வேலையையும் தானே முடித்துவிட்டு, கடைசியில் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்.

"ஏம்மா, வாத்து."

"இதோ, அடுப்பை அணைச்சுட்டு வரேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, வாத்தைச் சேர்த்து, தனக்குள் சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்துவாள். அதுவரை அவர் பால்கனியில் நிற்பார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் என்பதில் அவளும் அடக்கம் அல்லவா.

பிறகு டாக்டருக்கு நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். முன்னறைக்கு அவர் வருவது குறைந்து, நின்றும் போனது. மானிட்டர் போய்த் தட்டைத் திரை வந்தது. மூலை மட்டும் இறங்கியது இறங்கியபடியே இருந்தது. மாதாமாதம் டாக்டர் கிளினிக் இருக்கும் கட்டடத்து லிஃப்டை இவர்தான் போய்ப் பார்ப்பார். இருவரும் முதுகுவலி, சர்க்கரை, மழை எல்லாம் பேசுவார்கள். வாத்துப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

எடுக்க வைத்தது ஒரு மின்னஞ்சல். இப்படிப் பொதுவில் போட்ட விளையாட்டுகளையெல்லாம் சேர்த்து உலகத்துக்குக் கொடுக்கும் பெரிய தொகுப்பு ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் பால்காரர் குழந்தைகளிடம் போய்ச் சேர்கிறார். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், யாரும் படிக்காத உரிமங்களையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறாள். 'ஒரே ஒரு ஆளை விலக்கி வைத்தாலும் அந்த உரிமம் எங்களுக்குச் செல்லாது. வரைந்தவர் அந்த வரியை எடுக்க வேண்டும், அல்லது நீங்கள் வாத்தை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் விளையாட்டையே நீக்க வேண்டியிருக்கும். தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒரு கேள்வி: அந்த வீட்டுக்காரர் அப்படி என்ன செய்தார்?'

'கழுத்தைக் குறைத்தேன்' என்று லிஃப்ட்காரர் பதில் போட்டார். அதற்குப் பிறகு அவள் எழுதியதில் மரியாதை கொஞ்சம் கூடியிருந்தது.

வேறு வாத்து கேட்டுப் பார்த்தார். தன்னார்வலர்கள் அனுப்பினார்கள். ஒன்று வெந்நீர்ப் பை மாதிரி இருந்தது. இன்னொன்று நாற்காலி போட்டு உட்காரச் சொல்லலாம் போல அத்தனை சாது. வாத்து இல்லாவிட்டால் மீதி இருப்பது வெறும் பால் வியாபாரம்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது" என்றாள் மனைவி.

"எழுதினது அவன். அவனா எடுக்கணும்."

"அவனும், இவரா கேட்கட்டும்னு உட்கார்ந்திருப்பான். ரெண்டு பேரும் இப்படியே இருங்க. பால்காரர் நடுத்தெருவுல நிக்கட்டும்."

மறுநாள் லிஃப்டுக்கு எண்ணெய் போட்ட கையோடு கிளினிக்குக்குள் நுழைந்தார். நாற்காலியில் ஒருவர் வாய் நிறையப் பஞ்சோடு சாய்ந்திருந்தார்.

"மச்சான், வாத்து விஷயமா வந்தேன்."

குடைகிற மெஷின் நின்றது. "எந்த வாத்து?" என்றார் டாக்டர், எந்த வாத்து என்று நன்றாகத் தெரிந்த குரலில்.

இவர் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் முகமூடியை இறக்கினார். "அந்த வரி இன்னும் இருக்கா?"

"நீ எழுதினதை நான் எப்படி எடுக்கிறது?"

"அப்போ இத்தனை வருஷமா?"

"உன் தங்கச்சிதான் வாத்தைச் சேர்ப்பா. நான் தொட்டதில்லை."

"சரி, எழுதி முடிச்சு ஆடிப் பார்ப்பியே. அப்போ?"

"என் கம்ப்யூட்டர்ல வாத்து இருக்கிற இடத்துல ஒரு சாம்பல் கலர் கட்டம் ஓடும்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கட்டமா?"

"கட்டம்தான். நல்லாக் கொத்தும்."

நாற்காலியில் இருந்தவர் ஏதோ சொல்ல முயன்றார். "பேசாதீங்க, மரத்திருக்கு" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினார். "அடப்பாவி, அது விளையாட்டுக்கு எழுதினதுடா. மறுநாள் நீ அழிச்சிருப்பே, சண்டை போடலாம்னு ஆசையா வந்தேன். நீ பாட்டுக்குக் கதவை உயர்த்திட்டு உட்கார்ந்திருக்கே. சரி, அடுத்த வாரம் நீயே வந்து கேட்பேன்னு பார்த்தேன். அப்புறம் பல்லு வர ஆரம்பிச்சுது." கொஞ்ச நேரம் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். "இங்கே வர்ற பசங்க போன்ல அதை ஆடிக்கிட்டிருக்கும். வாத்து நல்லாயிருக்கு மச்சான்னு நீ ஒரு நாள் சொல்லுவேன்னு நினைப்பேன். சொன்னதே இல்லை."

"பார்த்தாத்தானே சொல்றதுக்கு."

டாக்டர் எழுந்து கையைக் கழுவிவிட்டு, மருந்துச் சீட்டு அச்சடிக்கும் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். "சொல்லு, என்ன எழுதணும்?"

"நீயா எதையும் எழுதிடாதே, சாமி. ரெடிமேடா ஒரு லைசென்ஸ் இருக்கு. வரைஞ்சவர் பேரைப் போட்டா போதும், யாரும் எப்படியும் எடுத்துக்கலாம். அந்தப் பொண்ணு அனுப்பியிருக்கு."

"ஒரே ஒரு வரி சேர்த்துக்கட்டுமா?"

"ஒரு எழுத்துகூடக் கூடாது."

டாக்டர் மிட்டாயைப் பறிகொடுத்த குழந்தையின் முகத்தோடு பழைய வரியை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டி அனுப்பினார். பிறகுதான் நாற்காலிக்காரரின் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"அந்த வாத்து உங்களுதா டாக்டர்?" என்றார் அவர் கோணல் வாயோடு. "அதைப் பார்த்ததுலேருந்து என் பையன் பால் குடிக்கிறதையே விட்டுட்டான்."

அதற்குப் பிறகு டாக்டர் அவரிடம் மிக மென்மையாக நடந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த லிஃப்ட்காரர் கை கழுவிவிட்டு, கட்டத்தை எடுத்துவிட்டு வாத்தை வைத்தார். பழக்கத்தில் குரலும் கொடுத்துவிட்டார். "ஏம்மா, வாத்து."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இனிமே நீங்களே அழுத்தலாமே."

"ஆமால்ல."

அவள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அழுத்தினார்.

தெரு வந்தது, பால்காரர் வந்தார், வேலிக்குப் பின்னாலிருந்து வாத்து வந்தது. வரைந்த அன்று அவர் கழுத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, பால்காரரின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பது போல அது நின்றது. அந்த நிற்கிற தோரணையில், ஃபேன் கடகடக்கும் முன்னறையும், சூடான மானிட்டரின் முன்னே குனிந்து உட்கார்ந்திருந்த வேலை இல்லாத ஓர் இளம் டாக்டரும் அப்படியே இருந்தார்கள்.

"உங்கண்ணன் மாதிரியே இருக்கு" என்றார்.

"இப்போதான் தெரியுதா? ஒவ்வொரு தடவையும் நான் வேற எதுக்குச் சிரிச்சேன்னு நினைச்சீங்க? நகருங்க, கொத்தப் போகுது."

அவர் நகரவில்லை. வாத்து கொத்தியது, பால் கொட்டியது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் பால்காரரை அசையாமல் நிற்க வைத்துப் பார்த்தார். தெருவெல்லாம் பால் ஆன பிறகு போனை எடுத்தார்.

"மச்சான், வாத்து நல்லாயிருக்கு."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. "இதுக்குத்தான் போன் பண்ணினியா? பேஷண்ட் இருக்காங்க."

"சரி, வெச்சிடறேன்."

"இரு இரு. ஸ்பீக்கர்ல போடறேன். இன்னொரு தடவை சொல்லு."