பத்தாம் நாள் ஊசி

ஒப்பாரியில் தம்பி நடேசனை வெள்ளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டே, சுந்தராம்பாள் பிணத்தின் சட்டைப் பையில் கைவிட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டை உருவித் தன் மடியில் செருகிக்கொண்டாள். பாட்டில் ஒரு அடிகூடத் தவறவில்லை. எதிர்வீட்டுப் பாப்பம்மாள் மட்டும் பார்த்துவிட்டாள். எதைத்தான் அவள் பார்க்காமல் விட்டாள்?

நடேசனின் கல் லாரி புளியமரத்தில் மோதியது மணிமங்கலம் முழுக்கத் தெரியும். அபின் உருண்டை போட்டுத்தான் ஓட்டுவான் என்பதும் தெரியும். உருண்டை உள்ளே போனால் அலுப்புப் போகும், கூடவே புத்தியும். போகிற வழியில் யாரோடு படுத்தான் என்பது காலையில் அவனுக்கே நினைவிருக்காது. அப்படி வாங்கி வந்த மேகப் புண் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். பத்து நாள் முன்பு இதே சீட்டைக் காட்டி, கங்காவுக்கும் ரத்தம் பார்க்கணுமாம், வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றுமாம், நீயே கூட்டிப் போ என்று கெஞ்சினான். பெண்டாட்டியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. குடும்ப மானம் போகுமென்று சுந்தராம்பாள் அவனை விரட்டிவிட்டாள்.

கங்காவுக்கு ஐந்து மாதம். புருஷன் செத்தவள் கருமாதி முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது.

மூன்றாம் நாள், ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போன நேரத்தில், சுந்தராம்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். கங்கா வளையலைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, அண்ணி?"

"தெரியும்டி. தப்பு என்னுது. கெளம்பு."

பஸ் நிறுத்தத்தில் பாப்பம்மாள், ஏதோ தற்செயலாக வந்தவள்போல. "சாவு வூட்டுப் பொண்ண எங்க இட்டுகினு போற?"

"பெரியாஸ்பத்திரிக்கு. நீயும் வரியா?"

பாப்பம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக, வேடிக்கையைப் பாதியில் விட்டுத் திரும்பி நடந்தாள்.

டாக்டரம்மா சீட்டைப் படித்தார். ரத்தம் எடுத்தார், முடிவுக்குக் காத்திராமல் ஊசியும் போட்டார். இப்போதே வந்ததால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம், வாரத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு ஊசி, நாள் தவறக் கூடாது என்றார்.

கங்கா விரல்விட்டு எண்ணினாள். "அடுத்தது பத்தாம் நாளாச்சே, அண்ணி. அன்னிக்குத்தானே வளையல் ஒடைப்பாங்க?"

"சாயந்தரம் ஒடைக்கட்டும். காலைல ஊசி."

திரும்பும்போது பஸ்ஸில் பாதி இடம் காலி. ஊசி போட்ட இடம் கங்காவை உட்கார விடவில்லை. கண்டக்டர் இரண்டு தரம் இடம் காட்டிவிட்டு அலுத்துப்போனார். சுந்தராம்பாளும் உட்காரவில்லை, பக்கத்திலேயே நின்றாள். படப்பை ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கங்காவின் வளையல்கள் கம்பியில் மோதிக் கலகலத்துக்கொண்டே வந்தன.