கமாண்டர் குரல்

பெல்ட்டை இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. கடையில் போட்டுக் கொடுத்த ஓட்டைகள் எல்லாம் தாண்டிவிட்டன. அதற்கப்புறமும் ஓட்டைகள் இருந்தன, ஆணியால் குத்தியவை. முதல் ஓட்டையின் விளிம்பு நன்றாகத் தேய்ந்திருந்தது. கடைசி ஓட்டை புத்தம் புதுசு. அவள் பெல்ட்டின் நுனியைப் பிடித்தபடி கட்டிலில் கிடந்த அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"கல்லுளிமங்கன்" என்றாள், சத்தமாகவே.

எதிர்ப்பக்கம் தோளைத் தாங்கிக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார். "என்னம்மா சொன்ன?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா. சட்டை சுருண்டிருக்கு, இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. காலையில் அண்ணன் உயிர் போனதும் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன வார்த்தைதான் காதுக்குள் நின்று குடைந்தது. "இந்த வியாதி ஒரு வருஷமா அவருக்குத் தெரியுமேம்மா. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னாரே!" வீட்டில் எல்லாரும் என்றால் அவளும் தங்கை சின்னவளும்தான். அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. டாக்டரின் முன்னால் அவள் ஒன்றும் தெரியாத மண்ணாக நின்றாள். துக்கம் வந்து சேருவதற்குள் கோபம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தவர். பாதித் தட்டோடு எழுந்தவர். கேட்டால், "வயித்துல கொஞ்சம் வாய்வு." அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு ஓமம் தேடினாள். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கும் குழுவுக்குத் தலைவர். நடுவழியில் லிஃப்ட் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், கதவிடுக்கில் வாயை வைத்துப் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். "ரெண்டே நிமிஷம், தொறந்துடும்" என்பார். வேறு ஊரிலிருந்து சாமான் வரவேண்டியிருந்தாலும் ரெண்டே நிமிஷம்தான். உள்ளே இருப்பவர்கள் நம்பி, அடங்கி உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போனபோது அவருக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டையும் அந்தக் குரலை வைத்துத்தான் ஓட்டினார்.

அவளுக்கு வேலை, ஜப்பானிய அனிமே கார்ட்டூன் படங்களுக்குத் தமிழ்க் குரல் பதிவது. டப்பிங் டைரக்டர். ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பேசவைத்து உயிரை எடுப்பாள் என்பதால் ஸ்டுடியோவில் 'ரீடேக் அக்கா' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் அப்போது பதிந்துகொண்டிருக்கும் படத்தை அண்ணனும் அவளும் பார்ப்பார்கள். படத்தைவிட அவர்கள் போடும் சண்டைதான் நீளம். போன வருஷம் ஒரு கப்பல் படம் பார்த்தபோது அவள்தான் ஆரம்பித்தாள்.

"பாரேன், நேத்துவரைக்கும் பல்லக் காட்டிட்டிருந்தவன். கமாண்டர் நாற்காலில உக்காந்ததும் மூஞ்சில கண்ணாடி மாட்டி விட்டுட்டாங்க. அதுல வெளிச்சம் பட்டு கண்ணே தெரியல. பொறுப்பு குடுத்தா மனுஷனுக்குக் கண்ணு இருக்கக் கூடாதா?"

"கண்ணு தெரிஞ்சா கீழ இருக்கறவங்க பயந்துடுவாங்கடி."

"அவனுக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இருக்காள்ல? அவகிட்டயாவது வாயத் தொறக்கலாம்ல?"

"அவளும் அந்தக் கப்பல்லதான இருக்கா?"

அன்றைக்கு அவள் தலையணையைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள். அவர் சிரித்தார். படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்த தன் புத்தியை எதால் அடிப்பது என்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. சின்னவள். காலையிலிருந்து விட்டு விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். வேறு ஊரில், ஆஸ்பத்திரியில், நேற்று வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள்.

"எடுத்து, எல்லாரும் நல்லா இருக்கோம்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா" என்றார் சித்தப்பா. "பச்ச உடம்பு. மாப்பிள்ளையும் அதையேதான் சொல்றாரு. தையல் பிரிச்சு வீட்டுக்கு வரட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்."

"சாயங்காலம் வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும். அப்புறம் அவ வந்து யாரப் பாக்கறது?"

"பாத்து என்ன ஆகப்போகுது? இனிமே நீதாம்மா வீட்டுக்குப் பெரியவ. நீதான் தாங்கணும்."

பெரியவ. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குச் செருப்பில் கல் புகுந்த மாதிரி இருந்தது. போன் அடித்து ஓய்ந்தது. திரும்ப அடிக்கும். அதற்குள் அவள் ஏதாவது ஒன்றை முடிவு பண்ணியாக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஸ்டுடியோவிலிருந்து 'இடி' வந்தார். கமாண்டர், தளகர்த்தர், ராஜா என்று எந்தத் தலைமை வேஷம் வந்தாலும் அவர் குரல்தான். அதனால் அந்தப் பெயர். வாசலிலேயே விக்கி விக்கி அழ ஆரம்பித்துவிட்டார். வேலை செய்யும் இடத்தில் கூட இருப்பவளின் அண்ணனுக்கு அழுகிற அழுகையாக அது இல்லை.

"இடி சார், அண்ணன உங்களுக்கு இவ்வளவு பழக்கமா?"

"உங்களக் கூட்டிட்டுப் போக சாயங்காலம் வருவாரே மேடம், டீ மெஷின்கிட்ட பேசிட்டிருப்போம்." துண்டால் முகத்தைத் துடைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"போன வருஷம் ஒருநாள் கேட்டாரு. 'அந்தக் கமாண்டர் பொழைக்க மாட்டோம்னு தெரிஞ்சும் கப்பல்ல எல்லார்கிட்டயும் சாதாரணமா பேசறாரே, குரல் உடையாம எப்படி சார் பேசினீங்க'ன்னு. ரசிகர்னு நெனச்சு நானும் பெருமையா சொல்லிக் குடுத்தேன். எதுக்குன்னு அப்புறமாத்தான் சொன்னாரு."

"என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததத்தான்."

அவளுக்கு அந்தப் பதிவு நினைவுக்கு வந்தது. அந்தக் காட்சியில் இடி நிஜமாகவே அழுதுவிட்டார். ஸ்டுடியோக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து அவள் விடவில்லை. "சார், ஈரம் வருது. அவரு கமாண்டர், அழக் கூடாது. பாதி மூச்ச வெளிய விட்டுட்டு மிச்சத்துல பேசுங்க. கடைசி வார்த்தைய கீழ எறக்குங்க, அழுக அங்கதான் ஏறும்." ஞாயிறு தோறும் அண்ணனிடம் எந்தக் கமாண்டரைத் திட்டினாளோ, அவரைத் திங்கட்கிழமை தன் கையாலேயே இறுக்கி மூடினாள். வேலை என்றால் அப்படித்தானே. அந்தக் காட்சிக்காகவே படம் நல்ல பேர் வாங்கியது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா சார்? தெனமும் எதிர்லதான உக்காந்திருந்தேன்?"

"சத்தியம் வாங்கிட்டாரு."

"பெரிய சத்தியம்! ரெண்டு பேரும் சேர்ந்து என்ன முட்டாளாக்கியிருக்கீங்க." நாற்காலியைத் தள்ளிவிட்டாள். அது சுவரில் மோதி நின்றது. அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் செத்துக் கிடக்கிறார். இன்னொருவர் அழுதுகொண்டு நிற்கிறார். மூன்றாவதாகத் திட்ட அவள்தான் பாக்கி. சாப்ட்டேன், தூங்கு, நாளைக்கு வரேன். ஒரு வருஷமாக அண்ணன் போனில் பேசியதெல்லாம் கடைசிச் சொல் கீழே இறங்கி வந்த பேச்சு. அடுத்தவன் தொண்டையில் இருக்கும் பிசிறை ஹெட்போனில் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற காதில் அது விழவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. சித்தப்பா எடுத்துக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்.

"மேடம்," இடி மெல்லச் சொன்னார், "பாதி மூச்ச விட்டுட்டு..."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா! எவ்வளவு நேரமா அடிக்கறேன்! நீயும் எடுக்கல, அண்ணனும் எடுக்கல. மருமகனப் பாக்கணும்னு அவருக்குத் தோணவே இல்லையா? அப்படி என்னதான் பண்றாரு?"

அவள் பாதி மூச்சை வெளியே விட்டாள்.

"அண்ணன் வேலைல இருக்காரும்மா. லிஃப்ட் குழிக்குள்ள எறங்கியிருக்காரு. அங்க சிக்னல் கிடைக்காது. மேல வந்ததும் பேசுவாரு."

துளி ஈரமில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்திருந்தால் அவளே ஓகே சொல்லியிருப்பாள். சித்தப்பா பெருமூச்சு விட்டுவிட்டு, தள்ளிக் கிடந்த நாற்காலியை நேராகப் போடப் போனார்.

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"அக்கா."

"ம்."

"நீ ஏன் என்னத் திட்டல?"

"எதுக்குடி திட்டணும்?"

"ஆபரேஷன் ஆனவ போன நோண்டாம படுடின்னு இந்நேரம் கத்தியிருக்கணும்ல நீ? இவ்வளவு பொறுமையா நீ பேசவே மாட்டியே. அண்ணன் பேசற மாதிரி பேசற." சின்னவளின் குரல் சிறுத்துப்போனது. "எனக்கு பயமா இருக்குக்கா."

பயப்படக் கூடாதென்றுதானே இந்தப் பாடு எல்லாம். கடைசியில் பயந்துதான் கிடக்கிறாள், அதுவும் தையலோடு, காரணம் தெரியாமல்.

சித்தப்பா தூரத்திலிருந்து வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினார். அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?" கேட்கும்போதே கடைசிச் சொல் மேலேறி உடைந்தது. அவள் அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

"இருக்காரு. ஏன்க்கா?"

"குழந்தைய அவர் கைல குடு."

துணி உரசும் சத்தம் கேட்டது. குழந்தை முனகி அடங்கியது.

"குடுத்துட்டேன்" என்றாள் சின்னவள்.